லினோ அச்சு: கேளுங்கள், சொல்கிறேன்

(லினோ என்ற தகட்டில் உளியால் படம் செதுக்கி, மை தடவி, மேலே தாளை வைத்துத் தேய்த்து எடுக்கும் அச்சு இது.)

கேள்வி: அக்கா, ஹேண்ட்மேட் பேப்பரில் அச்சடித்தால் கருப்பு இடம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிறது. மை போதவில்லையா?

பதில்: மையைக் கூட்டிவிடாதீர்கள். மெல்லிய கோடெல்லாம் அடைத்துக்கொள்ளும். பருத்தித் துணிக் கழிவில் செய்த தாள் மேடும் பள்ளமுமாக இருக்கும்; மேட்டில் மட்டும்தான் மை ஒட்டும். தாளை ஈரமாக்குங்கள். முதல் நாள் இரவே லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, மேலே கனமான புத்தகம் வையுங்கள். காலையில் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், ஆனால் தாளில் நீர் மினுங்கக் கூடாது. மினுங்கினால் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். இதெல்லாம் எண்ணெய் மைக்குத்தான். தண்ணீரில் கரையும் மை என்றால் ஓரம் பரவிவிடும்.

அப்புறம், எல்லாத் தாளும் ஈரம் தாங்காது. ஒரு தாள் மட்டும் வாங்கி வந்து ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் அது பசை போடாத தாள், நனைத்தால் நார் நாராகப் பிய்ந்து வரும்.

கேள்வி: பிரஸ் (அழுத்தி அச்சடிக்கும் இயந்திரம்) இல்லாமல் முடியுமா?

பதில்: நான் இன்றும் சாதக் கரண்டியின் முதுகால்தான் தேய்க்கிறேன். தாளின் மேல் பட்டர் பேப்பர் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். ஒரு பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு மூலையைத் தூக்கிப் பார்க்கலாம். வெளுத்திருந்தால் அங்கே மட்டும் மறுபடி தேய்த்தால் போதும். பிரஸ்ஸில் இந்த வசதி கிடையாது!

கேள்வி: லினோ கல்லாக இருக்கிறது, உளி வழுக்குகிறது.

பதில்: பத்து நிமிஷம் வெயிலில் வையுங்கள். ஆளி விதை எண்ணெய், தக்கைப் பொடி, பிசின் எல்லாம் கலந்து சணல் துணிமேல் பூசியதுதான் லினோ. சூடு பட்டால் இளகிக் கொடுக்கும். மறு கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். என் இடது ஆள்காட்டி விரலில் உள்ள தழும்பு, அதை மறந்த ஒரு நாளில் வாங்கியது.

கேள்வி: பெயர் தலைகீழாக வந்துவிட்டது மேடம்.

பதில்: தலைகீழ் இல்லை, இடவலம் மாறியிருக்கும். டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட்டு வரைந்துகொள்ளுங்கள்.

கேள்வி: காந்தி தடியோடு நடப்பதாக ஓவியர் நந்தலால் போஸ் செய்த படம் லினோவா? முதல் முயற்சிக்கு அந்த மாதிரி செய்யலாமா?

பதில்: லினோதான். 1930, உப்பு சத்தியாகிரகத்தை ஒட்டிச் செய்தது. கருப்பில் வெள்ளைக் கோடு. கோட்டை மட்டும் செதுக்கினால் போதும் என்பதால் வேலை குறைவாகத் தெரியும். ஆனால் அவ்வளவு கருப்பையும் சொரசொரப்பான தாளில் சீராக இறக்குவதுதான் பாடு. உள்ளங்கை அளவில் ஒரு இலையைச் செதுக்கி ஆரம்பியுங்கள்.

கேள்வி: காய எத்தனை நாள் ஆகும்?

பதில்: எண்ணெய் மைக்கு ஒரு வாரம் விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கூடும். கொடியில் தொங்கவிடுவதானால் கிளிப்புக்கு அடியில் துண்டுக் காகிதம் வையுங்கள். இல்லையென்றால் ஈரத் தாளில் பல் பதிந்துவிடும்.