ஹிம்லரின் வலியும் கெர்ஸ்டனின் கட்டணமும்

கேள்வி: ஹிம்லருக்கு மசாஜ் செய்துவந்த ஒருவர், அந்த நெருக்கத்தைப் பயன்படுத்தியே ஆயிரக்கணக்கானோரைச் சாவிலிருந்து மீட்டார் என்று ஒரு காணொலியில் கேட்டேன். இது நடந்ததா, கட்டுக்கதையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பெலிக்ஸ் கெர்ஸ்டனைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவர் பலரை மீட்டது உண்மை. மீட்டதாக அவர் பின்னாளில் சொல்லிக்கொண்ட அளவு முழுவதும் உண்மையன்று.

இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் 1898இல் பிறந்து பின்லாந்துக் குடியுரிமை பெற்ற கெர்ஸ்டன், மருத்துவப் பட்டம் பெறாதவர். ஆனால், தசைகளையும் நரம்புகளையும் பிடித்துவிட்டு வலியைத் தணிப்பதில் பெயர் பெற்றிருந்ததால், நெதர்லாந்து அரசியின் கணவர் ஹென்ட்ரிக் உட்பட ஐரோப்பியச் செல்வந்தர் பலர் அவரை நாடினர். 1939 மார்ச்சில் அவரிடம் வந்த ஹிம்லர், ஹிட்லரின் நாஜிக் கட்சியைச் சேர்ந்த எஸ்.எஸ். என்ற ஆயுதப் படையின் தலைவர்; வதை முகாம்கள் அனைத்தும் அவர் அதிகாரத்தின்கீழ் இருந்தன. எந்த மருந்துக்கும் கட்டுப்படாமல் அவரைச் சுருட்டிப்போட்ட வயிற்றுவலி, கெர்ஸ்டனின் கைபட்டால் அடங்கியது.

சிகிச்சை முடிந்து ஹிம்லர் நிம்மதியாகப் படுத்திருக்கும் வேளையில், கைதாகியிருந்த சிலரின் பெயர்களைச் சொல்லி, அவர்களை விடுவிப்பதையே தம் கட்டணமாகக் கெர்ஸ்டன் கேட்டுவந்தார். ஹிம்லரின் செயலாளர் ருடால்ப் பிராண்ட்டும் இதற்கு உதவினார். கைதிகள்மீது நடத்தப்பட்ட மருத்துவக் கொடுமைகளில் பங்கிருந்ததற்காகப் போருக்குப் பின் தூக்கிலிடப்பட்டவரும் இதே பிராண்ட்தான். போலந்தின் தலைமறைவு இயக்கத்துக்கு உதவியதற்காக வார்சாவில் 1942இல் பிடிபட்ட சுவீடன் நாட்டு வணிகர்களுள் நால்வருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அது நிறைவேறாமற்போனதிலும், 1944 முடிவதற்குள் அனைவரும் வீடு திரும்பியதிலும் கெர்ஸ்டனுக்குப் பங்குண்டு.

இவற்றையெல்லாம் விஞ்சியது 1945 ஏப்ரல் 21ஆம் தேதி விடியுமுன் நடந்த சந்திப்பு. பெர்லினில் ஹிட்லரின் பிறந்தநாளுக்குச் சென்று வாழ்த்திவிட்டு, அதே இரவில் காரில் புறப்பட்ட ஹிம்லர், நகருக்கு வடக்கே கெர்ஸ்டனுக்குச் சொந்தமான ஹார்ட்ஸ்வால்டே பண்ணை வீட்டுக்கு வந்து, உலக யூதக் காங்கிரஸின் சுவீடன் கிளை அனுப்பியிருந்த நார்பர்ட் மசூர் என்ற யூதருடன் நேருக்கு நேர் அமர்ந்து பேசினார். ராவன்ஸ்புரூக் முகாமிலிருந்து ஆயிரம் யூதப் பெண்களை விடுவிக்க அவர் இசைந்தார்; ஹிட்லர் அறிந்துவிடக் கூடாது என்பதற்காக, அவர்களைப் போலந்துப் பெண்கள் என்றே குறிப்பிட வேண்டும் என்றார். அடுத்த சில நாட்களில், போல்க் பெர்னடாட் தலைமையில் இயங்கிய சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளைப் பேருந்துகளும் ஒரு ரயிலுமாகச் சேர்ந்து, பல நாட்டவரான ஏறத்தாழ 7,000 பெண்களை அந்த முகாமிலிருந்து வெளியேற்றின.

ஹிம்லரின் மனம் இளகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போர் தோற்றுவிட்டது என்பதை உணர்ந்த அவர், மேற்கத்திய நாடுகளுடன் தனியே பேரம் பேச வழி தேடிக்கொண்டிருந்தார்; கைதிகளின் உயிர் அவருக்குப் பேரப்பொருள். கெர்ஸ்டன் 1940இலும் 1942இலும் அதே கைகளால்தான் அவருக்குச் சிகிச்சை செய்தார். ஆனால், அந்நாட்களில் தனித்தனிப் பெயர்களைத்தான் மீட்க முடிந்தது. நெதர்லாந்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொலைமுகாம்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டதை அந்தச் செல்வாக்கால் தடுக்க முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் அவர் மிகைப்படுத்திச் சொன்னவை எவை?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதன்மையானது நெதர்லாந்து பற்றியது. டச்சு மக்களைப் பெருந்தொகையாகப் போலந்துப் பகுதிக்கு நாடு கடத்த 1941இல் ஹிட்லர் ஆணையிட்டதாகவும், தாமே ஹிம்லரிடம் பேசி அதைத் தள்ளிப்போட வைத்ததாகவும் கெர்ஸ்டன் கூறினார். இதை நம்பிய நெதர்லாந்து அரசு 1950இல் அவருக்கு உயர் விருதும் அளித்தது. டச்சு வரலாற்றறிஞர் லூ டி யோங் 1970களில் இதை ஆராய்ந்து, அப்படியொரு திட்டமே இருந்ததற்குச் சான்றில்லை என்று காட்டினார். மற்றொன்று, என் கணிப்பில், இதைவிட இழிவானது: யூதர்களை ஏற்றிச்செல்ல பெர்னடாட் மறுத்தார் என்பதற்கு ஆதாரமாகக் கெர்ஸ்டன் தரப்பிலிருந்து வந்த கடிதம், பின்னாளில் போலியென்று மெய்ப்பிக்கப்பட்டது. ஜெருசலேமில் 1948இல் சுட்டுக்கொல்லப்பட்டுவிட்ட பெர்னடாட்டால் அதற்கு விடை சொல்லியிருக்கவும் முடியாது. இவ்வளவுக்குப் பிறகும் ஹார்ட்ஸ்வால்டே சந்திப்பு பொய்யாகிவிடாது. அதைப் பற்றி மசூரும் தனியே எழுதிவைத்திருக்கிறார்.

கேள்வி: நாஜித் தலைவர்களின் உறவினர் யாரேனும் இவ்வாறு உதவியதுண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் ஹெர்மன் கோரிங்கின் தம்பி ஆல்பர்ட் கோரிங் இருந்தார். செக் நாட்டின் ஸ்கோடா தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவை நடத்திய அவர், யூதர்களும் நாஜி எதிர்ப்பாளர்களும் தப்பிச்செல்ல உதவினார். மாட்டிக்கொண்ட போதெல்லாம் அண்ணனின் பெயரே அவரைக் காத்தது. போர் முடிந்ததும் அதே பெயரால் அவர் சிறைப்பட்டார். தாம் உதவிய 34 பேரின் பட்டியலை எழுதிக் கொடுத்தும், விசாரித்த அமெரிக்க அதிகாரிகள் தொடக்கத்தில் நம்ப மறுத்தனர். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அனுப்பப்பட்ட அவரை, ஸ்கோடா ஊழியர்கள் ஆதரவாகச் சாட்சி சொன்ன பிறகு, 1947இல் அங்குள்ள நீதிமன்றம் விடுதலை செய்தது. கோரிங் என்ற பெயரோடு வந்தவருக்குப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் வேலை கிடைப்பதே அரிதாயிற்று. பெயரை மாற்றிக்கொள்ளாமலே 1966இல் இறந்தார்.