பியூஇ 1.3 என்று சொல்லும் டேட்டா சென்டரை நம்பலாமா?

உங்கள் நிறுவனத்து சர்வர்களை வைக்க இடம் தேடுகிறீர்கள், போகிற இடத்திலெல்லாம் "எங்கள் பியூஇ 1.3, நாங்கள் பசுமை மையம்" என்கிறார்கள், இதை எந்த அளவுக்கு நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் இப்படியொரு மையத்தில் குளிரூட்டும் பிரிவில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மையம் மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகச் செலவிடுகிறது என்று காட்டும் அந்த எண் பொய்யாக இருக்காது. ஆனால் அது மின்சார பில்லைப் பற்றிப் பாதிக் கதைதான் சொல்லும்.

மையம் முழுக்க இழுக்கும் மின்சாரத்தை, சர்வர், ஸ்டோரேஜ், நெட்வொர்க் கருவிகள் இழுப்பதால் வகுத்தால் வருவது பியூஇ. 1.6 என்றால், சர்வருக்கு ஒரு யூனிட் போகும்போது சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்), யூபிஎஸ் இழப்பு, விளக்கு என்று இன்னொரு 0.6 யூனிட் போகிறது. கூகுள் தன் மையங்களின் சராசரி 1.1 அளவில் இருப்பதாகச் சொல்கிறது. பின்லாந்தின் ஹமினாவில் பழைய காகித ஆலையை வாங்கி, கடல்நீரை வைத்தே குளிரூட்டுகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கெல்லாம் வழியில்லை.

நமக்குக் கைகொடுப்பது சின்னச் சின்ன வேலைகள்தான். ராக்கில், அதாவது சர்வர்களை அடுக்கும் அலமாரியில், சர்வர் இல்லாத இடத்தை பிளாங்கிங் பேனல் என்ற மூடு தகடு போட்டு மூடாமல் விட்டால், பின்னால் வரும் சூடான காற்று அந்த இடைவெளி வழியே முன்பக்கம் திரும்பி வரும். ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து அங்கே பிடித்துப் பாருங்கள், படபடவென்று உங்கள் பக்கம் பறக்கும். உடனே மேல் தட்டு சர்வர் சூடாகி அலாரம் அடிக்கும். யாராவது வந்து ஏசியில் வைக்கும் வெப்பநிலையை (செட் பாயின்ட்) 18 டிகிரிக்கு இறக்கிவிட்டுப் போவார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசியைக் கூட்டுகிற கதை. சர்வருக்குள் போகும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்று அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் வழிகாட்டியே சொல்கிறது. சிங்கப்பூர் 2023ல் வெப்பமண்டல மையங்களுக்கென்றே ஒரு தரநிலை கொண்டுவந்தது. ஒரு டிகிரி ஏற்றினால் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5% வரை மிச்சமாகலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஏசி யூனிட்டின் ஃபேனும் அப்படித்தான். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நாலு ஏசி யூனிட்டை முழு வேகத்தில் ஓட்டி ஐந்தாவதை ஸ்டாண்ட்பையில் வைப்பதைவிட, ஐந்தையும் 80 சதவீதத்தில் ஓட்டலாம். காற்று அதே அளவு வரும், ஃபேன் செலவு மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போகும். இதைச் சொன்னால் நிர்வாகத்தில் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி அந்த எண்ணின் மறுபக்கம். சர்வருக்குள் இருக்கும் குட்டி ஃபேன்கள் எல்லாம் சர்வர் கணக்கில்தான் சேரும். வெப்பநிலையை அளவுக்கு மீறி ஏற்றினால் அவை வேகமெடுத்துச் சுற்றும்; சில்லர் செலவு குறைந்து சர்வர் செலவு ஏறும். பியூஇ அழகாக இறங்கும், மொத்த பில் ஏறியிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, யாருமே பயன்படுத்தாத சர்வர்களைக் கண்டுபிடித்து அணைத்தால் பில் குறையும், பியூஇ மோசமாகும், ஏனென்றால் வகுக்கும் எண் சின்னதாகிவிட்டது. சும்மா கிடக்கும் சர்வரும் நல்ல மின்சாரம் தின்னும் என்பதால் இதில்தான் பெரிய மிச்சம். ஆனால் அது மையத்தின் கையில் இல்லை, உங்களைப் போன்ற வாடிக்கையாளர் கையில் இருக்கிறது.

தண்ணீரும் பியூஇயில் தெரியாது. கூலிங் டவர் வைத்தால் மின்சாரம் குறையும், தண்ணீர் ஆவியாகும். 2019ல் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு நின்ற சென்னையில் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

காற்றாலை மின்சாரம் வாங்குவதாகச் சொன்னால் நல்லதுதான். இங்கே காற்று சீசன் மே முதல் செப்டம்பர் வரை. ஜனவரி ராத்திரியில் சர்வர் எந்த மின்சாரத்தில் ஓடுகிறது என்று மட்டும் கேளுங்கள். வாங்கியதையும் செலவழித்ததையும் ஆண்டுக் கணக்கில் சரிக்கட்டுவது வேறு, மணிக்கு மணி சரிக்கட்டுவது வேறு.

கையெழுத்துப் போடும் முன், காகிதத்தில் கணக்கிட்ட வடிவமைப்பு பியூஇயை விட்டுவிட்டு, கடந்த 12 மாதமும் மீட்டரில் அளந்ததை மாதவாரியாகக் கேட்டு வாங்குங்கள். பாதி காலியாக இருக்கும் புது மையத்தில் அது 1.3க்கு வெகு மேலேதான் இருக்கும். முடிந்தால் ஒருமுறை உள்ளே போய் ராக்குகளில் திறந்து கிடக்கும் இடைவெளிகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்.