காட்டுக் குதிரைகளுக்குக் கருத்தடை ஊசி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் கால்நடை மருத்துவர். சில வருடங்களாக அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் திறந்தவெளியில் திரியும் குதிரைகளுக்குக் கருத்தடை ஊசி போடும் தன்னார்வலர்களோடு போய் வருகிறேன். அரசு ஆட்கள் ஹெலிகாப்டரில் அங்கே குதிரைகளை விரட்டிப் பிடிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

செல்வம்: அக்கா, அமெரிக்கா அவ்வளவு பெரிய நாடு. குதிரைகளை அதன் போக்கில் விட்டுவிட்டால் என்ன?

நிலம் பெரிது தம்பி, ஆனால் புல்லும் தண்ணீரும் குறைவு. 1971ல் வந்த சட்டப்படி, பொது நிலத்தில் திரியும் இந்தக் குதிரைகளைக் கொல்லவோ பிடித்து விற்கவோ தனியாருக்கு உரிமை இல்லை, அவை அரசின் பொறுப்பு. பொது நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை தன் நிலம் தாங்கும் என்று வைத்திருக்கும் எண்ணிக்கை சுமார் 25,500. 2024 மார்ச்சில் அங்கே இருந்தவை, கழுதைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 73,000. சில மலைப்பகுதிகளில் பூமா என்ற பெரிய காட்டுப்பூனை அடிக்கிறது, மற்ற இடங்களில் அடித்துத் தின்ன ஆளில்லை. வருடத்துக்கு 15 முதல் 20 சதவீதம் பெருகினால் நான்கைந்து வருடத்தில் இரட்டிப்பாகிவிடும். வறட்சி வருடத்தில் வற்றிய நீர்த்துறையைச் சுற்றி எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் தாய்க்குதிரையையும் குட்டியையும் ஒருமுறை பார்த்தால் 'அதன் போக்கில் விடுங்கள்' என்று சொல்ல வாய் வராது.

மீனா: அதற்காகத்தானே பிடிக்கிறார்கள்? பிடித்தால் குறையத்தானே வேண்டும்?

குறைகிறது, பிறகு மறுபடி ஏறுகிறது. 2013ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகளின் ஆய்வுக்குழு இதைத்தான் சுட்டிக்காட்டியது: கூட்டத்திலிருந்து கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு போனால், மிச்சம் இருப்பவற்றுக்குத் தீவனம் தாராளமாகக் கிடைக்கும், அவை இன்னும் நன்றாகக் குட்டி போடும். பிடித்தவற்றைத் தத்தெடுக்க ஆள் போதவில்லை, அதனால் 60,000க்கும் மேற்பட்டவை பட்டிகளிலும் குத்தகை மேய்ச்சல் நிலங்களிலும் நிற்கின்றன, அவற்றில் பல ஆயுள் முழுக்க. திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு அவற்றுக்குத் தீவனம் போடவே போய்விடுகிறது. ஊசிக்கு மிஞ்சுவது சொற்பம். எனக்கு இதில் ஆதங்கம் உண்டு, மறைக்கவில்லை.

ரவி: ஆண் குதிரைகளைக் காயடித்துவிட்டால் வேலை முடிந்ததே. நம்ம ஊரில் காளைக்குச் செய்வதுபோல.

முடியாது. ஒரு ஆண் குதிரை பல பெண் குதிரைகளோடு சேரும். பத்தில் எட்டுக்குக் காயடித்தாலும் மிச்சம் இரண்டு போதும்.

கவிதா: ஊசி எப்படி வேலை செய்கிறது? ஹார்மோனா?

நாங்கள் அதிகம் பயன்படுத்தும் பிஇசட்பி ஹார்மோன் இல்லை. பன்றியின் சினைமுட்டையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து எடுத்த புரதம் அது, இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் சினைப்பையிலிருந்தே எடுக்கிறார்கள். அதைச் செலுத்தினால் குதிரையின் உடல் அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும். குதிரையின் சினைமுட்டை உறையும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருப்பதால் எதிர்ப்பொருள் அதன் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும், விந்தணு பிடிக்க இடமிருக்காது. பருவத்துக்கு வருவது, இணை சேர்வது எல்லாம் வழக்கம்போல நடக்கும், சினை மட்டும் பிடிக்காது. முதல் ஊசி, சில வாரம் கழித்து பூஸ்டர், அப்புறம் வருடத்துக்கு ஒன்று. ஒழுங்காகப் போட்டால் பத்தில் ஒன்பது பலிக்கும். மருந்து ஒரு டோஸ் முப்பது டாலர் அளவில்தான்.

கோனாகான் என்று இன்னொன்று உண்டு. அது மூளையிலிருந்து வரும் இனப்பெருக்க ஹார்மோனையே தடுக்கிறது, அதனால் பருவத்துக்கு வருவதும் நின்றுபோகலாம். இரண்டாவது ஊசிக்குப் பிறகு பல வருடம் நிற்கும். ஆளே நெருங்க முடியாத கூட்டங்களுக்கு அது வசதி. குதிரைக் குடும்பத்தின் இயல்பான நடத்தை மாறக் கூடாது என்று நினைக்கிற நான் முடிந்தவரை பிஇசட்பியையே தேர்வேன்.

பிரபு: ஓடுகிற குதிரைக்கு எப்படி ஊசி? மயக்கிப் பிடித்தா?

மயக்கம் எல்லாம் இல்லை. காற்றழுத்தத் துப்பாக்கியால் நாற்பது ஐம்பது மீட்டரிலிருந்து பின்தொடையில் டார்ட் அடிப்போம். மருந்து இறங்கியதும் டார்ட் தானாக விழுந்துவிடும், தேடி எடுத்துவிடுவோம். மருந்தை உறைநிலையில் கொண்டுபோய், வேறொரு எண்ணெய்க் கலவையோடு சேர்த்து, இரண்டு சிரிஞ்சுகளை இணைத்து நூறு தடவை முன்னும் பின்னுமாகத் தள்ளித் தயிர்போலக் கெட்டியாக்க வேண்டும். விடியற்காலைக் குளிரில் விரல் மரத்துப்போகும்.

இதைவிடக் கஷ்டம் அடையாளம். நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, பிடரி மயிர் எந்தப் பக்கம் விழுகிறது, பழைய தழும்பு என்று ஒவ்வொன்றையும் போட்டோவோடு பதிவு செய்து வைத்திருக்கிறோம். முதல் வருடம் நான் ஒரே மாதிரியான இரண்டு செம்பழுப்புக் குதிரைகளைக் குழப்பி, ஒன்றுக்கே இரண்டு முறை போட்டுவிட்டேன், மற்றது அடுத்த வசந்தத்தில் குட்டியோடு வந்து நின்றது. அதிலிருந்து பின்னங்கால் போட்டோ இல்லாமல் துப்பாக்கியைத் தூக்குவதில்லை.

லதா: சினையாக இருக்கும்போது போட்டால் குட்டிக்கு ஆபத்தா? பக்கவிளைவே இல்லையா?

குட்டிக்கு ஒன்றும் ஆகாது, பதினோரு மாதம் சுமந்து வழக்கம்போல ஈனும். பக்கவிளைவே இல்லை என்று சொன்னால் பொய். ஊசி போட்ட இடத்தில் சிலதுக்கு வீக்கமோ சீழ்க்கட்டியோ வரும். தொடர்ந்து பல வருடம் போட்டால் சில பெண் குதிரைகளுக்கு மறுபடி சினை பிடிக்காமலே போகலாம். அமெரிக்காவின் வட கரோலினா பக்கத்து ஷேக்கிள்ஃபோர்டு தீவில், ஊசி போட்டவை அடிக்கடி கூட்டம் மாறுவதைக் கவனித்திருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு பெண் குதிரையும் ஒரு குட்டியாவது ஈனட்டும், வம்சம் அறுந்துபோகக் கூடாது என்று பல கூட்டங்களில் திட்டம் போட்டுச் செய்கிறார்கள்.

அருண்: எங்காவது பலித்திருக்கிறதா டாக்டர்?

மேரிலாந்து பக்கத்து அசடீக் தீவு. ஜே கிர்க்பாட்ரிக் என்ற விஞ்ஞானி இந்த மருந்தைச் சோதித்த இடம். 1994லிருந்து முறையாகப் போட்டார்கள். 2000ஐ ஒட்டி 170ஐத் தாண்டிய கூட்டம், ஒன்றைக்கூடப் பிடிக்காமல் நூறுக்குக் கீழே வந்தது. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் ஆனது, காரணம் என்ன தெரியுமா? வருடாவருடம் சுமந்து பால் கொடுக்கும் பாரம் போனதும் பெண் குதிரைகள் தேறிவிட்டன. ஊசி போடாதவை சராசரியாக ஆறேழு வயதில் செத்துப்போக, மூன்று வருடமோ அதற்கு மேலோ போட்டவை இருபது வயதை ஒட்டி வாழ்ந்தன. தீவின் வர்ஜீனியா பகுதி வேறு கதை: அங்கே ஊர்த் தீயணைப்புப் படை 1925லிருந்து குதிரைகளை நீந்தவைத்து அழைத்துவந்து குட்டிகளை ஏலம் விடுகிறது.

செல்வம்: அப்போ எல்லா இடத்திலும் இதையே செய்யலாமே?

அசடீக்கில் குதிரைகள் மனிதர்களைக் கண்டு ஓடாது. நெவாடாவில் பல லட்சம் ஏக்கரில் ஆயிரம் குதிரை, இரண்டு கிலோமீட்டரில் வண்டிச் சத்தம் கேட்டாலே புழுதி கிளப்பிக்கொண்டு போய்விடும். அங்கே முதலில் பிடித்து, ஊசி போட்டு, திரும்ப விடத்தான் வேண்டும். ஏற்கெனவே நிலம் தாங்குவதைப்போல மூன்று மடங்கு இருக்கும் இடத்தில் ஊசியால் மட்டும் உடனே எண்ணிக்கை இறங்காது. ஒரு தடவை பிடித்துக் குறைத்தாலும் அன்றே ஊசியைத் தொடங்க வேண்டும், பெரும்பாலான பெண் குதிரைகளுக்குப் போட வேண்டும், ஒரு வருடமும் விடக்கூடாது. அதிகாரி மாறியதும் நிறுத்திவிடுவதுதான் நான் பார்த்த பெரிய நோய்.

யாழினி: நெடுந்தீவுக் குதிரைகளுக்கு இது சரிவருமா அக்கா?

தீவு என்பதால் வேலை சுலபம், பார்த்துப் பார்த்து அடையாளம் வைக்க முடியும். ஆனால் அங்கே வறட்சியில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் செத்திருக்கின்றன. முதலில் தண்ணீர்த் தொட்டி, சரியான கணக்கெடுப்பு, அப்புறம் ஊசியைப் பேசலாம். கோடியக்கரை மட்டக்குதிரைகள் விஷயம் வேறு, அங்கே வெளிமானின் புல்லுக்குப் போட்டியாக இருக்கின்றன, அங்கே ஊசி எனக்குச் சரியாகவே படுகிறது. யாராவது அந்தக் கூட்டத்தைப் போட்டோ எடுத்து அடையாளப் பதிவு தொடங்கினால் சொல்லுங்கள், எப்படிச் செய்வது என்று நான் காட்டித் தருகிறேன்.