வறட்சிக் காலத்தில் கால்நடைப் பராமரிப்பு: கேள்வி பதில்

ஐயா, என்னிடம் நான்கு மாடுகள் உள்ளன. வைக்கோல் பங்குனி வரைதான் வரும். இரண்டை விற்றுவிடலாமா?

விற்பதாக இருந்தால் மாட்டின் உடம்பில் சதை இருக்கும்போதே விற்றுவிடுங்கள். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தபோது, கோடை மழையை நம்பிக் காத்திருந்த பலர் விலா எலும்பு தெரியும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் சென்று, வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க நேர்ந்தது. 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து கிலோ உலர்தீவனம் வேண்டும் என்ற கணக்கில் கையிருப்பை வகுத்துப் பாருங்கள். சினை மாட்டையும் கறவை மாட்டையும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிப்பதே முறை.

வைக்கோலில் யூரியா கலக்கலாமா?

கலக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி மூன்று வாரம் வைக்க வேண்டும். பிரிக்கும்போது கண்ணை எரிக்கும் நெடி வரும். அது அடங்கும்வரை உலர்த்திய பிறகே மாட்டின் முன் போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது கூடாது. யூரியாவைக் கழுநீர்த் தொட்டியில் கரைத்து வைப்பது மாட்டைக் கொல்வதற்குச் சமம்.

மழையின்றி முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும் சோளத்தில் ஆடுகளை விடலாமா?

கூடவே கூடாது. வளர்ச்சி குன்றிய இளஞ்சோளத்திலும், திடீர் மழைக்குப் பின் வெட்டிய தாளிலிருந்து தழைக்கும் துளிரிலும் சயனைடு நச்சு உருவாகும். மேய்ந்த சற்று நேரத்திலேயே மூச்சு வாங்கி, தள்ளாடி விழும். அப்போது தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நச்சை முறிக்கும் ஊசி உண்டு. பயிர் பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்துக் கொடுத்தால் ஆபத்து பெரிதும் குறையும்.

சீமைக்கருவேலங்காய்?

இடித்து, மற்றத் தீவனத்தோடு கலந்து அளவாகக் கொடுக்கலாம்.

விற்க மனமில்லை, தீனியும் இல்லை. காட்டில் அவிழ்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

பிழைக்காது. நமக்கே தண்ணீர் கிடைக்காத கோடையில், கட்டுத்தறியில் வளர்ந்த மாடு எங்கே போய்க் குடிக்கும்? 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, உரிமையாளர் போதிய தீனியும் தண்ணீரும் தராமல் விடுவதையும், பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் கைவிடுவதையும் குற்றமாகவே சொல்கிறது. விற்பதைப் பாவம் என்று சொல்லிவிட்டு அவிழ்த்துவிடுகிறவர்களின் நியாயம் எனக்கு விளங்கவில்லை. உறவினர் ஊரில் தண்ணீர் இருந்தால் அங்கே மேய்ச்சலுக்கு ஒப்படையுங்கள். அரசு உலர்தீவனக் கிடங்கு திறந்திருக்கிறதா என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் வழியில்லையென்றால், மாடு தன் காலில் எழுந்து நிற்கும்போதே தீனி உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.