வர்றேன்னு சொல்லிட்டு ஏன் வருவதில்லை?

மன்னார்குடி பக்கத்து மகளிர் குழுவில் இருக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: சித்தாள் வேலைக்குப் போகும் பெண்களைக் கட்டுமான நலவாரியத்தில் பதிய புரட்டாசியில் முகாம் போட்டோம். வருகிறேன் என்றவர்கள் நாற்பது பேர், வந்தது ஒன்பது. அதிலும் பாதிப் பேரிடம் பேப்பர் சரியாக இல்லை. அக்கறையே இல்லாதவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

அக்கறை இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். புரட்டாசியில் சம்பா நடவு நடக்கும், சித்தாள் வேலை இல்லாத நாளில் இவர்கள் நடவுக்குத்தான் இறங்குவார்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு ஒரு கையெழுத்துக்கு வா என்றால் நானும்கூட வரமாட்டேன்.

இன்னொன்று. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஓர் ஆய்வு 2013-ல் சயின்ஸ் இதழில் வந்தது. கையில் காசு வற்றிக் கிடந்த அறுவடைக்கு முந்தைய நாட்களில், யோசித்துச் செய்யும் சோதனைகளில் அதே ஆட்கள் தடுமாறினார்கள். குழுத் தவணைக்கு என்ன செய்வது என்று மனசு ஓடிக்கொண்டிருக்கும்போது பாஸ்புக் ஜெராக்ஸ் ஞாபகத்துக்கு வராது. ஆகவே புரியவைப்பதை விடுங்கள், அவர்கள் நினைவில் வைக்க வேண்டியதைக் குறையுங்கள்.

அடுத்த முகாமைத் தை அறுவடை முடிந்து மாசியில், சாயங்காலம் வையுங்கள். முந்தின ராத்திரி ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர் கொடுத்து, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றையும் உங்கள் கண்முன்னாலேயே அதில் போடச் சொல்லுங்கள். அப்போதே ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். நம்ம பக்கம் பாதி வீட்டில் அது திருப்பூர் போன வீட்டுக்காரர் நம்பராக இருக்கும், ஓடிபி அங்கே போகும், அவர் ஷிப்டில் இருப்பார், இங்கே மொத்த வரிசையும் நிற்கும். அவரிடம் முன்கூட்டியே நேரம் சொல்லிவையுங்கள். "வருவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள், "எத்தனை மணிக்கு, யாரோட, பிள்ளையை எங்க விட்டுட்டு வருவீங்க?" என்று கேளுங்கள், அதற்குப் பதில் சொல்லும்போதே பாதித் திட்டம் போட்டுவிடுவார்கள்.

அப்புறம், "நாற்பதில் ஒன்பது பேர்தான் வந்தீர்கள்" என்று தெருவில் யாரையும் திட்டாதீர்கள். வராமல் இருப்பதுதான் ஊர் வழக்கம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதில், அந்த ஒன்பது பேரில் நலவாரிய அட்டை கைக்கு வந்தவர்களையே வீடு வீடாக அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.