விமானிகள் தூங்கிப்போகாமல் எப்படி எழுகிறார்கள்? கதவு தட்டி எழுப்பப்பட்ட ஒருவனின் பதில்

"அதிகாலை விமானம் ஓட்டும் விமானிகள் ஒருநாள்கூடத் தூங்கிப்போகாமல் எப்படிச் சரியான நேரத்துக்கு எழுந்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் சமீபத்தில் எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தேர்வோ, நேர்காணலோ, யாரையாவது ஸ்டேஷனில் இறக்கிவிட வேண்டியதோ. அலாரம் அடித்ததா, அடித்ததை நாமே அணைத்தோமா என்றுகூடத் தெரியாமல் எட்டு மணிக்குக் கண் திறந்திருப்பீர்கள். எனக்கும் நடந்திருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமானி அல்ல. ரயில் ஓட்டியவன். 1986-இல் டீசல் அசிஸ்டென்டாக, அதாவது டீசல் இன்ஜினில் டிரைவருக்கு உதவியாளாகச் சேர்ந்து, சரக்கு வண்டி டிரைவராகி, கடைசி சில ஆண்டுகள் பயணிகள் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றேன். நடுவில் எங்கள் பதவியின் பெயரை 'லோகோ பைலட்' என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் ஒரே கேலிதான். "தண்டவாளம் போகிற வழியில் வண்டி போகிறது, ஸ்டியரிங்கூடக் கிடையாது, இதற்குப் பைலட்டா?" என்று பந்தியில் வைத்தே கேட்டவர் உண்டு. சுமையேற்றிய சரக்கு வண்டி பிரேக் போட்ட இடத்தில் நிற்காது ஐயா. எங்கே நிற்க வேண்டுமோ அதற்கு வெகு முன்பே மனத்துக்குள் நிறுத்தத் தொடங்கிவிட வேண்டும். சரி, இதை விடுகிறேன். "விமானியைக் கேட்டால் ரயில்காரன் ஏன் வருகிறான்" என்று பின்னூட்டம் எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: என் அக்கா மகன் விமானி. அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் மந்திரம் எதுவும் இல்லை. எந்த நாள் எந்த விமானம் என்ற ரோஸ்டர் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். இரண்டு அலாரம், ஒன்று தலைமாட்டில், மற்றொன்று எழுந்து நடந்து போய் அணைக்க வேண்டிய தூரத்தில். அழைத்துப்போக கார் வரும், ஆள் கீழே வராவிட்டால் டிரைவர் போன் மேல் போன் போடுவார். அப்படியும் வராமல் போனால் அதற்கென்றே 'ஸ்டான்ட்பை' என்று ஒருவர் தயாராக இருப்பார். அதாவது, மனிதன் தூங்கிவிடுவான் என்று எதிர்பார்த்தே எல்லா ஏற்பாடும் இருக்கிறது.

எங்களுக்கு அந்த ரோஸ்டர்கூட இல்லை. சரக்கு வண்டிக்கு நேரம் கிடையாது. எப்போது சரக்கு ஏற்றி முடிகிறதோ, எப்போது பாதை கிடைக்கிறதோ, அப்போது புறப்படும். பகல் பதினொன்றோ இரவு ஒன்றோ, வேலைக்கு வர வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாக 'கால் பாய்' (Call Boy), அதாவது வேலைக்கு எழுப்பிவிடும் ஆள், சைக்கிளில் வருவார். பாய் என்றுதான் பெயர், எங்கள் ஊரில் இருந்தவருக்கு ஐம்பது வயது. கையில் டார்ச், கக்கத்தில் கால் புக். ஜன்னல் கம்பியில் டார்ச்சைத் தட்டி, "அண்ணே, கால்!" என்பார். கல்யாணமான முதல் வாரம் நடுநிசியில் இந்தக் குரலைக் கேட்ட என் மனைவி, யாருக்கோ காலில் அடிபட்டுவிட்டது என்று பதறிக்கொண்டு மஞ்சள்தூள் டப்பாவைத் தேடினாள்.

கால் புக்கில் பெயர், வண்டி, வேலைக்கு வர வேண்டிய நேரம், எழுப்பிய நேரம் எல்லாம் எழுதியிருக்கும். எழுந்து வந்து டார்ச் வெளிச்சத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் பொறுப்பு நம்முடையது.

1997, ஆடி மாதம். முந்தைய இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் தலைமையிடத்தில், அதாவது நாங்கள் குடியிருந்து வேலைக்குப் புறப்படும் ஊரில், 16 மணி நேரம் ஓய்வு என்பது எங்கள் விதி. கணக்குக்கு 16 மணி நேரம்தான். ஆனால் அது விழுந்தது பகலில், எதிரே மாரியம்மன் கோயில், வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி. ஒன்று சரியாக என் படுக்கையறையைப் பார்த்தபடி. காலை கூழ் ஊற்றுவதிலிருந்து மாலை விளக்கு வைக்கும்வரை பாட்டு. நான் பக்திக்கு எதிரானவன் என்று யாரும் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம், அந்தக் கோயிலில் வருடம் தவறாமல் கூழ் வாங்கிக் குடித்தவன் நான். அம்மனுக்குக் காது நன்றாகவே கேட்கும், அவ்வளவு சத்தம் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன். விழாக் குழுவில் போய்க் கேட்டதற்கு, "பகலில் யார் சார் தூங்குவார்கள்?" என்றார்கள். அந்த நாலு வார்த்தையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ரயில்காரன், நர்ஸ், போலீஸ், மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் எல்லோரும் பகலில்தான் தூங்குகிறோம். ஊர் இரவெல்லாம் நிம்மதியாகத் தூங்குவதே நாங்கள் பகலில் தூங்குவதால்தான்.

இரவு பத்து மணிக்குமேல்தான் கண் அசந்தது. ஒரு மணிக்குக் கால். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி இறக்கிவிட்டுத் திரும்பும் காலி வேகன்கள், மூன்று மணிக்கு நான் இன்ஜினில் இருக்க வேண்டும். எழுந்தேன், கதவைத் திறந்தேன், கையெழுத்துப் போட்டேன், "சரிப்பா" என்றேன். திரும்பி வந்து படுத்துவிட்டேன். இதில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. மனைவி அந்த வாரம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள்.

ஐந்து மணிக்குக் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். என் அசிஸ்டென்ட் மூன்று மணிக்கே வந்து, இன்ஜினில் தனியாக உட்கார்ந்து நிலையத்துக்கு எனக்காகவும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். கடைசியில் வேறொரு டிரைவரை எழுப்பி அனுப்பினார்கள். வண்டி 2 மணி 20 நிமிடம் தாமதம்.

எனக்குக் கால் வரவே இல்லை என்று சத்தியம் செய்தேன். அதிகாரி ஒன்றும் பேசாமல் கால் புக்கைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். என் கையெழுத்து இருந்தது. முதல் இரண்டு எழுத்து ஒழுங்காக, மூன்றாவதிலிருந்து கோடு இறங்கி, கட்டத்தைத் தாண்டி, கீழே எனக்கு அடுத்த டிரைவரின் பெயர்மேல் படுத்துக் கிடந்தது. அது தூங்குகிறவனின் கையெழுத்து என்று குழந்தைகூடச் சொல்லும். ஆனாலும் கையெழுத்து கையெழுத்துதானே. சார்ஜ் மெமோ, ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தம். கால் பாய் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். "நின்றுகொண்டுதான் பேசினீர்கள் அண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எழுந்திருப்பது வேறு, விழிப்பது வேறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இதை நான் அளப்பதாக நினைக்க வேண்டாம். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்களே, அதன் விமானி அறைக் குரல் பதிவில் கேப்டன் வெகு நேரம் தூங்கிய சத்தம் இருந்தது. தரையிறங்கும் நேரத்தில் அவர் விழித்துத்தான் இருந்தார். துணை விமானி இறங்க வேண்டாம், மேலே எழும்பிச் சுற்றி வரலாம் என்று சொல்லியும் இறக்கினார். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த மூளையின் மந்தம் அவருடைய முடிவைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் படுத்திருந்தது கட்டிலில், அவ்வளவுதான் வித்தியாசம். அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பு தாழ்ந்து கிடக்கும் நேரம் என்று விமானிகளின் வேலை நேர விதிகளிலேயே தனியாகக் குறித்திருக்கிறார்கள்.

பின்னாளில் எங்கள் இன்ஜின்களில் ஒரு கருவி வந்தது. ஒரு நிமிடம் கை எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும், பிறகு ஒலி எழுப்பும், அதற்கும் அசையாவிட்டால் தானே பிரேக் போட்டுவிடும். என் வீட்டில் அதற்கு முன்பே ஒன்று வந்துவிட்டது. இன்கிரிமென்ட் போன செய்தி கேட்டுத் திரும்பி வந்த மனைவி, கால் பாயிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: இனிமேல் நான் மூன்று கேள்வி கேட்டு இவர் பதில் சொன்ன பிறகுதான் நோட்டை நீட்ட வேண்டும். என்ன வண்டி? எங்கே போகிறது? இன்ஜின் எங்கே நிற்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் கால் புக்கில்தான் இருக்கும், குனிந்து தேடிப் படித்தால்தான் சொல்ல முடியும். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை நான் ஒருமுறைகூடத் தவறவில்லை. நடுவில் கைபேசிக்கே கால் செய்தி வரத் தொடங்கியது. கேள்வி மட்டும் நிற்கவில்லை.

ஆகவே இன்னொரு அலாரம் வாங்காதீர்கள். அலாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் அதன் கோளாறு. தனியாக இருப்பவர் என்றால் நண்பர் யாரையாவது போனில் அழைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "ம்" என்று சொல்ல முடியாத கேள்வியாக இருக்கட்டும்.

போன மாதம் அக்கா மகன் எங்கள் வீட்டில் தங்கினான். மூன்று மணிக்குக் கார். இரண்டு போனிலும் அலாரம் வைத்துக்கொண்டு படுத்தான். இரண்டேகாலுக்கு என் மனைவி அவன் அறைக் கதவைத் தட்டுவது கேட்டது.

"என்ன வண்டி?"

சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு கட்டில் கிறீச்சிட்டது.

"ஏர்பஸ், அத்தை."

"எங்கே போகிறது?"

"கொல்கத்தா."

"எங்கே நிற்கிறது?"

"அது... போய்த்தான் பார்க்க வேண்டும், அத்தை."

"சரி, முகம் கழுவு" என்று சொல்லிவிட்டுப் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள்.