கேடிஈயில் சேர்ந்தால் செயலி என் கையை விட்டுப் போய்விடுமா?

கேள்வி: க்யூடி (Qt) என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பில் ஒரு குறிப்பெடுக்கும் செயலியை ஐந்து ஆண்டுகளாகத் தனியாளாக எழுதி வருகிறேன். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம். கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் கேடிஈ (KDE) சமூகத்தில் சேர்த்துவிடுங்கள் என்று பயனர்கள் சிலர் வற்புறுத்துகிறார்கள். சேரலாமா?

பதில்: பதிப்புரிமையை நினைத்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் எழுதிய நிரல் உங்கள் பெயரிலேயே இருக்கும். விரும்பினால் கேடிஈயின் சட்ட, நிதிப் பொறுப்புகளைப் பார்க்கும் கேடிஈ இ.வி. சங்கத்திடம் அதை ஒப்படைக்க ஓர் ஒப்பந்தம் உண்டு, கட்டாயமில்லை.

கையை விட்டுப் போவது வேறொன்று. 2012இல் வெளியான அவர்களுடைய கொள்கை அறிக்கைப்படி, கேடிஈ பங்களிப்பாளர் கணக்கு உள்ள எவரும் உங்கள் களஞ்சியத்தில் (நிரலைச் சேமித்து வைக்கும் இடத்தில்) எழுத முடிய வேண்டும். பராமரிப்பவரைக் கேட்காமல் யாரும் செயலியைத் தலைகீழாக மாற்றிவிட மாட்டார்கள். அது அங்கே மரியாதை இல்லை. ஆனால் ஒருநாள் காலையில் பார்த்தால், புது க்யூடி பதிப்புக்காக முன்பின் தெரியாத ஒருவர் நான்கு வரிகளைத் திருத்தியிருப்பார். அதைப் பார்த்து 'அப்பாடா' என்பீர்களா, எரிச்சல்படுவீர்களா? எரிச்சல்தான் வரும் என்றால் தனியாகவே இருங்கள், அதில் தப்பே இல்லை.

கிடைப்பதில் பெரியது மொழிபெயர்ப்பு. பல மொழிக் குழுக்கள் அங்கே ஏற்கெனவே இயங்குகின்றன. ஆனால் இப்போது வேறு தளத்தில் உங்களுக்கு மொழிபெயர்த்துத் தருபவர்கள் இருந்தால், முதலில் அவர்களிடம் பேசுங்கள். அவர்களும் இடம் மாற வேண்டியிருக்கும், சொல்லாமல் செய்தால் மனம் கசந்து விலகிவிடுவார்கள். அப்புறம் பிழைப் பதிவு, தானியங்கிச் சோதனை, சர்வர் பராமரிப்பு ஆகிய பாரங்களும் குறையும்.

பலர் குழப்பிக்கொள்வது வெளியீட்டு அட்டவணையை. பல கேடிஈ செயலிகளை ஒன்றாக வெளியிடும் கேடிஈ கியர் தொகுப்பு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் வருகிறது. அதில் சேர்ந்தால், அவர்கள் சொல்லும் தேதிக்குப் பிறகு புது வசதி எதையும் நுழைக்க முடியாது. காணொளித் தொகுப்புச் செயலியான கேடென்லைவ் அப்படித்தான் வருகிறது. ஆனால் ஓவியச் செயலியான க்ரிதாவும் புகைப்படச் செயலியான டிஜிகேமும் கேடிஈயில் இருந்துகொண்டே தங்கள் வசதிப்படி வெளியிடுகின்றன. தனியாள் என்பதால், முதல் ஓராண்டாவது நீங்களும் கியருக்கு வெளியே இருப்பதே நல்லது என்பேன். கேடிஈ நூலகங்களைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. ஆலோசனைகள் மட்டும் தாராளமாக வரும்.

(க்யூடிக்குப் பதில் ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் செயலி எழுதியவர்களுக்கு: கேடிஈ போன்ற இன்னொரு சமூகமான க்னோம் 2020இல் தொடங்கிய க்னோம் சர்க்கிளில் களஞ்சியத்தை இடம் மாற்றாமலேயே சேரலாம். ஆனால் செயலி க்னோமின் வடிவமைப்பு நெறிகளுக்குப் பொருந்த வேண்டும்.)

சேருவதாக முடிவெடுத்தால், புதிய திட்டங்களைச் சேர்த்துக்கொள்வதற்கான இன்குபேட்டர் என்ற நடைமுறை வழியாகப் போக வேண்டும். உங்களுக்குத் துணைநிற்க ஏற்கெனவே கேடிஈயில் இருக்கும் ஒருவர் தேவை. செயலியின் இணையதளத்தை நீங்களே நடத்துவதாக இருந்தால், நாளை நீங்கள் விலகினாலும் அது தொடர என்ன ஏற்பாடு என்று கேட்பார்கள். அதற்கான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.